பழுதுபட்ட புது வள்ளமும் வாங்கியவரின் உரிமையும்

எமது கரையோரக் கிராமங்களில் பத்துப் பேர்ச் காணி வாங்குவதென்றால் நொத்தாரிசு, தோம்பு, உறுதி, சாட்சி என்று நாலு இடம் அலைந்து, நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் காசை எண்ணிக் கொடுக்கிறோம். வள்ளம் வாங்கும்போது அந்தக் கவனத்தில் காற்பங்குகூட இருப்பதில்லை. "அவர்ர பட்டறையில நல்லாக் கட்டுவாங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், முற்பணம் கைமாறிவிடும். காணி பிழைத்தால் காசு போகும். வள்ளம் பிழைத்தால் ஆளும் போகலாம்.

2017ஆம் ஆண்டு நானும் என் மச்சானும் அப்படித்தான் ஒரு வள்ளம் வாங்கினோம். அது பழுதான வள்ளம். அதற்கு நிவாரணம் தேடி நாங்கள் ஏறி இறங்கிய இடங்களையும், அங்கெல்லாம் சட்டம் என்ன சொன்னது என்பதையும் எழுதி வைப்பது பிறருக்கு உதவலாம் என்று நினைக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லன். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரார் காரியங்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த நான், என் சொந்தக் காரியத்தில் எழுத வேண்டிய ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டேன். இந்தக் கட்டுரையின் சாரம் அதுதான்.

வாங்கிய விதம்

மச்சான் என் தங்கச்சியின் கணவர். இருபது வருடமாகக் கடல் தொழில் செய்பவர். அதுவரை பிறருடைய வள்ளங்களில் பங்குக்குத்தான் போய் வந்தார். பிடிபட்ட மீனில் வள்ளத்துக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு என்று பங்கு கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். சொந்த வள்ளம் ஒன்றிருந்தால் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நீண்டநாள் ஆசை. எனக்குக் கிடைத்த பணிக்கொடையிலிருந்து வள்ளத்துக்கு நான் காசு போட்டேன். தங்கச்சியின் காப்புகளை அடகு வைத்து எஞ்சின் வாங்கினோம்.

வள்ளம் 19 அடி, பைபர். விலை மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பட்டறை எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. முற்பணம் கொடுக்கப் போன அன்று மச்சான் முதலாளியிடம் விபரமாகக் கேட்டார்.

"ரெண்டு பேர் வலையோட போற. பதினைஞ்சு குதிரை எஞ்சின் போடப் போறம். எங்கட மணல்ல இழுத்து ஏத்துற கரை. தாங்குமா?"

"அஞ்சு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பார்க்கத் தேவையில்ல" என்றார் முதலாளி.

எங்களோடு வந்த உறவினர் ஒருவரும் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கையில் கிடைத்தது ஒரு பற்றுச்சீட்டு மட்டும். திகதி, '19 அடி போட் 1', தொகை, கையெழுத்து. வேறெதுவும் அதில் இல்லை. 2017 மார்ச் 9ஆம் திகதி வள்ளம் எங்கள் கரைக்கு வந்து இறங்கியது.

'பொறு மச்சான்'

மூன்றாம் கிழமையே மச்சான் சொன்னார், "வள்ளம் தண்ணி குடிக்கிற மாதிரிக் கிடக்கு." பட்டறைக்குப் போன் எடுத்தேன். ஒரு பையன் வந்து, அடிப்பக்கத்தில் ஓரிடத்தைச் சுரண்டி, ரெசின் பூசிவிட்டுப் போனான். ஏப்ரல் கடைசியில் மறுபடியும் தண்ணீர். மே மாதத்தில் எஞ்சின் பூட்டும் பின்பலகையின் இரு மூலைகளிலும் மயிரிழை போல வெடிப்பு.

மச்சான் அப்போதே, "இதைக் கொண்டுபோய் அவங்கட வாசல்ல போட்டுட்டு வருவம்" என்றார். நான்தான் தடுத்தேன். "பொறு மச்சான், நல்ல மனுசன் போலத்தான் கதைக்கிறாரு" என்றேன். முதலாளியும் போனில் இனிமையாகத்தான் பேசினார். "நோன்பு வருது. பெருநாள் முடியட்டும், வள்ளத்தை ஏத்தி வாங்க, சும்மா செய்து தாறன்" என்றார். ஒரு மாதம்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். கடன் கட்ட வேண்டியிருந்ததால் மச்சான் அதே வள்ளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஜூன் 10ஆம் திகதி, நோன்பின் நடுப்பகுதி. கரையிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டின் உட்படை பாளம் பாளமாகக் கிளம்பிவிட்டது. அள்ளி ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஏறியது. நிறைந்தாலும் வள்ளம் மிதக்க வேண்டும். இருக்கைப் பலகைகளுக்குக் கீழே மிதவைக்கென்று நுரைக்கட்டி வைப்பது அதற்காகத்தான். எங்கள் வள்ளத்தில் அந்த அறைகள் வெறுமையாகக் கிடந்தன. விளிம்பு வரை தாழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி நோன்போடு இரண்டு பேரும் தண்ணீரில் கிடந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற வள்ளக்காரர்கள் கண்டதால் உயிர் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். எஞ்சின் உப்புத் தண்ணீரில் மூழ்கிப் போனது.

அன்றிரவு தங்கச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சானும் அதன்பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் காசை அழித்துவிட்டதாக அவருக்கு வெட்கம். அவரைப் பொறுக்கச் சொன்னவன் நான் என்பது என் மனதில் கிடந்தது.

பெருநாள் கழிந்து பட்டறைக்குப் போனபோது முதலாளியின் பேச்சு மாறியிருந்தது. "மணல்ல இழுத்து, கல்லுல அடிச்சிக் கொண்டு வந்தா நான் என்ன செய்யிற?" என்றார்.

மூன்று மாதக் கணக்கு

ஜூன் 29ஆம் திகதி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பற்றுச்சீட்டை வாங்கித் திகதியைப் பார்த்தார். "மூணு மாசம் தாண்டிட்டுதே" என்றார்.

இந்தச் சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பாவிக்கும் எவரும் இச்சட்டத்தின்படி நுகர்வோர்தான். தொழிலுக்கு வள்ளம் வாங்கிய மீனவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. விற்றவர் வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கோ, உள்ளடங்கியதாகக் கருதப்படும் உத்தரவாதத்துக்கோ பொருள் பொருந்தவில்லை என்றால் சபையிடம் முறையிடலாம். சபை இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும். முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, மாற்றுப் பொருள் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடும். கட்டளைக்குப் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அத்தொகையைக் குற்றப்பணம் போல அறவிடலாம். சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை. ஏழை மீனவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. பொருளை விற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் சபைக்குக் கிடைக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்துதான் கணக்கு. எங்களுக்கு அது ஜூன் 9ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வள்ளம் மூழ்கியது அதற்கு அடுத்த நாள். முதலாளியோடு நான் போனில் பேசிய பேச்சுகள் எவையும் முறைப்பாடு ஆகா. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ அரைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். 'பெருநாள் முடியட்டும்' என்ற வார்த்தைக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

இணக்க சபை

சிலர் பொலிசுக்குப் போகச் சொன்னார்கள். போனோம். முறைப்பாடு பதிந்துகொண்டார்கள். சம்பவம் நடந்த திகதிக்கு அது ஒரு பதிவாக உதவியது, அவ்வளவுதான். பழுதான பொருளை விற்றது மட்டும் மோசடிக் குற்றம் ஆகிவிடாது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். மற்றப்படி இது குடியியல் விவகாரம்.

குடியியல் வழக்குக்குப் போகுமுன் கடக்க வேண்டிய வாசல் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை அது. ஊரில் இணக்க சபை என்போம். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால், அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கிட முடியாது. அந்தத் தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுவதால், போகுமுன் கேட்டறிந்துகொள்வது நல்லது. எங்கள் கோரிக்கை அப்போதைய எல்லைக்குள் இருந்தது.

சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலை வகுப்பறையில் சபை கூடியது. இங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது. மத்தியஸ்தர்கள் ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள். யார் சரி, யார் பிழை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். மூன்று அமர்வு நடந்தது. முதலாளி, "வள்ளத்தைக் கொண்டு வந்தா திருத்தித் தாறன்" என்றார். நான் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன். மச்சான்தான் கேட்டார், "என்னத்தத் திருத்துற? எத்தின நாளையில தாற? திருத்தினது திரும்பவும் போனா?" அந்தக் கேள்விகளுக்கு முதலாளியிடம் பதில் இல்லை. நாளும் வேலையும் தொகையும் குறிப்பிடாத இணக்கம், பழைய பிணக்கைத் திரும்ப உடுத்திக்கொண்டு வருவதுதான். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

சட்டத்தரணியின் கேள்வி

சட்டத்தரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சானிடம் திரும்பினார்.

"வள்ளம் பிழையெண்டு எப்ப தெரியும்?"

"மார்ச் கடைசியில, சேர்."

"அதுக்குப் பிறகு எத்தின நாள் அதுல கடலுக்குப் போனீங்க?"

மச்சான் பொய் சொல்லத் தெரியாதவர். "அம்பது நாளுக்கு மேல வரும், சேர்."

சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்தார். "அப்ப முழுக் காசையும் திருப்பிக் கேட்கிறது கஷ்டம்" என்றார். ஏனென்று பிறகு விளக்கினார்.

எமது நாட்டில் அசையும் பொருட்களின் விற்பனையை ஆளுவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்து இயற்றப்பட்டது. நூற்றிருபது வருடம் பழையதென்றாலும் வாங்குபவருக்கு அது மூன்று பாதுகாப்புகளைத் தருகிறது. ஒன்று, விபரித்து விற்ற பொருள் அந்த விபரத்துக்குப் பொருந்த வேண்டும். இரண்டு, இன்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்று, அப்பொருளை விற்பதே தொழிலாகக் கொண்டவரிடம் விபரம் சொல்லி வாங்கியது விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரம் இல்லாவிட்டாலும் இவை ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கின்றன. "பதினைஞ்சு குதிரை எஞ்சின், மணல்ல இழுக்கிற கரை, தாங்குமா?" என்று மச்சான் கேட்ட கேள்வியே இரண்டாவது பாதுகாப்பைக் கொண்டுவந்துவிட்டது. அதைக் கேட்டு நின்ற உறவினர் சாட்சியானார்.

இந்த நிபந்தனைகள் மீறப்பட்டால் வாங்கியவருக்கு இரண்டு வழி. பொருளை நிராகரித்து முழு விலையையும் திருப்பிக் கேட்கலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு நட்டஈடு கேட்கலாம். ஆனால் பொருளை 'ஏற்றுக்கொண்ட' பிறகு முதல் வழி அடைபட்டுவிடும். ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரன் போலப் பொருளைப் பாவித்தாலும், நியாயமான காலத்துக்கு மேல் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஐம்பது நாள் கடலுக்குப் போனதும், கடிதம் எழுதாததும் அப்படித்தான் பார்க்கப்படும் என்றார் சட்டத்தரணி. நாங்கள் பொறுமை என்று நினைத்தது சட்டத்தின் ஏட்டில் சம்மதமாக ஏறியிருந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு மத்ரஸாவில் ஓதிய காலம் நினைவு வந்தது. வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வியாபாரத்தை முறிக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் கியாருல் ஐப் என்று சொல்கின்றன. எமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அந்த உரிமை உடனடியானது. குறை தெரிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் பொருளைப் பாவித்தால் உரிமை போய்விடும். இலங்கையில் எமது தனியார் சட்டம் திருமணம், வாரிசுரிமை, வக்பு போன்ற விடயங்களோடு நின்றுவிடுகிறது. வியாபாரத்தில் எல்லோருக்கும் பொதுச் சட்டம்தான். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன. விற்பவர் குறையை மறைக்கக்கூடாது என்று மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். குறையைக் கண்டவர் சும்மா இருக்கக்கூடாது என்ற மறுபாதியை நான் அறுபது வயதில்தான் படித்தேன்.

பிஸ்கட் டின்னும் பைபர்த் துண்டும்

நட்டஈட்டுக்கு வழக்குப் போடுவதென்று முடிவாயிற்று. அதற்குமுன் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். பதில் வரவில்லை. 2017 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடமும், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடமும் அவகாசம் உண்டு. அந்த வகையில் எங்களுக்கு நேரம் இருந்தது.

நிரூபிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது நட்டத்தின் அளவு. சரியான வள்ளத்துக்கும் எங்களுக்குக் கிடைத்த வள்ளத்துக்கும் உள்ள பெறுமதி வித்தியாசம் அடிப்படை. அதோடு, பழுதின் நேரடி விளைவாக ஏற்பட்ட நட்டத்தையும் கேட்கலாம். தொழில் போன நாட்களுக்கு என்ன அத்தாட்சி என்று சட்டத்தரணி கேட்டபோது நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தங்கச்சி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தாள். மீன் வியாபாரி நாளாந்தம் எழுதிக் கொடுத்த துண்டுகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. நிறை, விலை, திகதி எல்லாம் அவற்றில் இருந்தன. கடன் கணக்குப் பார்க்க என்று அவள் சேர்த்து வைத்தவை. வழக்கில் எங்களுக்கிருந்த மிக உறுதியான ஆவணம் அந்த டின்தான்.

இரண்டாவது, பழுது பட்டறையில் பிறந்ததா, கரையில் பிறந்ததா என்ற கேள்வி. "பார்த்துத்தானே எடுத்தாங்க" என்றது எதிர்த்தரப்பு. வாங்கும்போது பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பாதுகாப்பில்லை என்பது உண்மை. ஆனால் பைபரின் உட்படைகளை வெளியிலிருந்து எந்தக் கண்ணும் காணாது.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 428ஆம் பிரிவின் கீழ், பொருளை நேரில் ஆராய்ந்து அறிக்கையிட ஆணையாளர் ஒருவரை நியமிக்கும்படி கேட்டோம். வந்தவர் பைபர் வேலை தெரிந்த பொறியியலாளர். முதலில் ஒரு நாணயக்குற்றியால் வள்ளத்தின் அடியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. படை பிரிந்த இடத்தில் அட்டைப் பெட்டியைத் தட்டியது போல இருந்தது. பிறகு சில இடங்களில் சிறு துண்டுகள் வெட்டி எடுத்தார்.

பைபர் வள்ளத்தின் பலம் கண்ணாடி இழைப் பாயில் இருக்கிறது. ரெசின் அந்தப் பாயைப் பிடித்து வைக்கும் பசை. சாதாரண பாய் வேலையில் மொத்த நிறையில் ஏறத்தாழ 30 வீதம் இழையாக இருக்க வேண்டும். பாயைக் குறைத்து ரெசினைக் கூட்டினால் தடிப்பாகத் தெரியும், ஆனால் ஓடு போல வெடிக்கும். ரெசினோடு கலக்கும் ஹார்ட்னர் போதாவிட்டால் உள்ளே சரியாக இறுகாது. ஒரு படைக்கும் மறு படைக்கும் இடையில் காற்றுக் குமிழிகளை உருளையால் உருட்டி வெளியேற்றாவிட்டால் அங்கே தண்ணீர் போய்க் குடியிருக்கும். வெட்டிய துண்டை நிறுத்து, உலையில் எரித்தால் ரெசின் எரிந்துபோகும், இழை மிஞ்சும். மிஞ்சியதை நிறுத்தால் எவ்வளவு பாய் போட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வள்ளத்தின் அடித்தட்டில் இழை இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கவில்லை. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் தடிப்பு மாறியது. பின்பலகையின் உள்ளே இருந்த மரம் பைபரோடு ஒட்டியிருக்கவே இல்லை. நுரைக்கட்டி வைக்கப்படவில்லை. வெளியில் கல்லில் மோதிய அடையாளம் எதுவும் காணப்படவில்லை. இதுதான் அறிக்கை.

சுனாமிக்குப் பிறகு எமது கரைகளில் வந்து குவிந்த வள்ளங்கள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. 2004 டிசம்பர் 26இல் இழந்தவற்றுக்கு ஈடாக அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டவை. அவற்றில் பல சில பருவங்களுக்குள்ளேயே கரையில் கவிழ்ந்து கிடந்தன. கொடையாக வந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பைபர் என்றால் அப்படித்தான் என்று ஊரும் பழகிவிட்டது. அந்தப் பழக்கமும் எங்களைப் பொறுக்க வைத்ததில் ஒரு காரணம்.

முடிவு

அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்த பிறகு எதிர்த்தரப்பின் பேச்சு மெதுவாயிற்று. 2019 பெப்ரவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. முதலாளி இரண்டு இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாவை ஐந்து தவணைகளில் தருவது, பழைய வள்ளத்தை அவரே எடுத்துக்கொள்வது என்பது உடன்பாடு. சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்படி அது நீதிமன்றத் தீர்ப்பாணையாகவே பதியப்பட்டது. இது முக்கியம். வெளியில் எழுதிய இணக்கம் மீறப்பட்டால் மறுபடியும் வழக்குப் போட வேண்டும். தீர்ப்பாணையான இணக்கம் மீறப்பட்டால் நேரே அதை நிறைவேற்றக் கேட்கலாம். கடைசித் தவணை இரண்டு மாதம் பிந்தியபோது, அப்படிக் கேட்கப் போகிறோம் என்று ஒரு கடிதம் எழுதினேன். காசு வந்தது.

கணக்குப் பார்த்தால் வென்றோம் என்று சொல்ல முடியாது. சட்டத்தரணி கட்டணமும் ஆணையாளர் கட்டணமும் போக, போட்டதில் பாதியளவுதான் திரும்பியது. எஞ்சின் திருத்தச் செலவு தனி. மச்சான் இரண்டு பருவம் பழையபடி பங்குக்குப் போனார். காப்புகளை மீட்க நாளெடுத்தது. மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. முற்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள். வள்ளத்தின் நீளம், எத்தனை படை பாய், பின்பலகைக்கு என்ன மரம், நுரைக்கட்டி எங்கே, எத்தனை குதிரைவலு எஞ்சின், எந்த மாதிரிக் கரை, எவ்வளவு கால உத்தரவாதம் என்பன அதில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திடுங்கள்.

2. முடிந்தால் பாய் ஒட்டும் நாட்களில் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு படையையும் போனில் படமெடுங்கள். வள்ளம் முடிந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

3. பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று அதில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். இத்தகைய வாசகங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

4. பழுது தெரிந்த அன்றே வள்ளத்தைக் கரையில் ஏற்றுங்கள். படமெடுங்கள். அந்தக் கிழமைக்குள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இன்ன பழுது, வள்ளத்தை ஏற்க மறுக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு காசைத் தாருங்கள் என்ற மூன்று வசனம் போதும். திருத்தித் தருவதற்கு உடன்பட்டாலும், நிராகரிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதில் எழுதுங்கள்.

5. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் முடியுமுன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் முறையிடுங்கள். சபையின் 1977 என்ற இலக்கத்தில் விபரம் கேட்கலாம்.

6. மீன் விற்ற துண்டு, எண்ணெய் வாங்கிய துண்டு, எதையும் வீசாதீர்கள்.

7. வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவியை நாடலாம்.

பிறகு மச்சானுக்கு வேறொரு பட்டறையில் இன்னொரு வள்ளம் கட்டினோம். நான் ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதிக்கொண்டு போனேன். முதலாளி வாசித்துவிட்டு, "இப்பிடி ஒருத்தரும் கேக்கிறல்லயே" என்றார். கொஞ்சம் யோசித்து, நுரைக்கட்டி பற்றிய வரியில் ஓர் அளவைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் திருத்தத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மச்சானுக்குப் பள்ளிக்கூடம் அதிகம் இல்லை. ஆனாலும் வள்ளம் கரைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம், ஒரு சியெம் கொப்பியில் நாளுக்கொரு வரி எழுதிவந்தார். பெரும்பாலும் ஒரே வரிதான்: "இண்டைக்குத் தண்ணி இல்ல." அந்தக் கொப்பி இப்போது தங்கச்சியின் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.